மூன்று தலையணை

இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் உலகமெங்கும் கேட்கப்படும் கேள்வித்தாள் ஒன்றில் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. கடந்த இரண்டு வாரத்தில், மூச்சுத் திணறல் காரணமாக, நாற்காலியில் உட்கார்ந்தோ குறைந்தது மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தோ எத்தனை முறை தூங்கவேண்டி வந்தது என்று அது கேட்கும். ஓமந்தூரில் என் பெரியம்மா வீட்டில் இருந்த தலையணைகள் இரண்டு. ஒன்று பெரியப்பாவுக்கு, இன்னொன்று பேரப்பிள்ளைக்கு. நாற்காலி ஒன்று இருந்தது, வருகிறவர்கள் உட்கார. பெரியம்மா யோசிக்காமல் "அதெல்லாம் இல்ல" என்றார். அப்படியொரு இரவே இல்லை என்று தாளில் பதிந்தது. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்.

அன்றைக்கு ஆறு மாதமாக அவர் நடையில் அடுக்கியிருந்த நெல் மூட்டையில் சாய்ந்துகொண்டுதான் இரவைக் கழித்துக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மூட்டை தலையணை இல்லையே. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்.

கேட்டவள் நான். ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வுத் திட்டத்தில் மூன்று ஆண்டுகள் ஒப்பந்த வேலை பார்த்தேன். இதயப் பிரிவில் படுத்திருப்பவர்களிடமும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களிடமும் கேள்விகளை வாசித்து, பதிலைக் கட்டத்தில் குறிப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் பழகிக்கொள்வதற்காக ஊருக்கு வந்தபோது பெரியம்மாவை உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு அப்போதே "பம்பிங் முப்பதுதான்" என்று எக்கோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமிருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் எங்கள் பக்கத்து நோயாளிகள் எல்லோரும் பம்பிங் என்கிறார்கள். முப்பது என்றால் மோசம். ஆனால் என் கேள்வித்தாளின்படி பெரியம்மா ஓரளவு நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். தாள் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளும் அதற்குப் பிறகான வாசிப்பும் தேவைப்பட்டன. அந்த வாசிப்பின் கதைதான் இது.

ஓமந்தூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஊர் இல்லை, ஆஸ்பத்திரி. விடுதலை வந்த 1947இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து, 1949 வரை ஆண்டவர் எங்கள் ஊரின் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். அவர் பெயரிலான அரசினர் தோட்டத்தில் தலைமைச் செயலகத்துக்கென்று கட்டி 2010இல் திறந்த கட்டடம், 2014இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாறியது. இதயத்துக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. (தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டமும் ஓமந்தூராரின் ஆட்சியில் வந்ததுதான். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் ஒரு பெண் மருத்துவர், முத்துலட்சுமி ரெட்டி. அது தனியாக எழுத வேண்டியது.) ஊரின் பெயர் தாங்கிய அந்த மருத்துவமனை ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். எங்களுக்குப் பக்கம் புதுச்சேரிதான். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கிறது ஊர். நெஞ்சு வலி என்றால் ஜிப்மர், இல்லையென்றால் முண்டியம்பாக்கம். இந்தப் பஸ் பயணம் கேள்வித்தாளில் எங்குமே இல்லை. பெரியம்மாவின் நோயில் பாதி அந்தப் பஸ்ஸில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நோயாளியின் வாழ்வை அளப்பது என்ற எண்ணமே மருத்துவத்தில் பிந்தி வந்தது. அதற்கு முன்பு மருத்துவர் பார்த்துச் சொல்வதுதான் அளவு. நியூயார்க் இதயச் சங்கம் 1928இல் தொடங்கிவைத்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது அதில் நான்கு வகுப்புகள். வழக்கமான உடலுழைப்பில் களைப்போ மூச்சிரைப்போ இல்லாதவர் முதல் வகுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே இரைக்கிறவர் நான்காம் வகுப்பு. நடுவில் இரண்டு. தாளும் வேண்டாம், நேரமும் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் 'வழக்கமான உழைப்பு' என்பதை யாருடைய வழக்கத்திலிருந்து எடுப்பது? அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவரின் வழக்கமும், விடியற்காலையில் குழாயடியில் குடம் பிடித்து, மாட்டுக்கொட்டகை கூட்டி, பொழுது ஏறுமுன் மல்லாட்டை பிடுங்கப் போகிறவரின் வழக்கமும் ஒன்றா? மருத்துவர் மனதில் ஏதோ ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளை வைத்து வகுப்பு கொடுக்கிறார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நாட்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள் பெருகியபோது அட்டவணைகள் வரத் தொடங்கின. குளிப்பாரா, உடுத்துவாரா, கழிப்பறை போவாரா என்று மதிப்பெண் போடும் பட்டியல்கள். இவற்றில் பெண்கள் பங்கு பெரியது. 1965இல் வெளியான பார்தெல் அட்டவணை தன் பெயரைப் பெற்றது டொரோதியா பார்தெல் என்ற இயன்முறை மருத்துவரிடமிருந்து. என்னை அதிகம் நிறுத்திவைத்தது 1969இல் வந்த இன்னொரு பட்டியல். ஃபிலடெல்ஃபியாவில் முதியோர் மையமொன்றில் பணியாற்றிய பவல் லாட்டனும் எலைன் பிராடியும் உருவாக்கியது. தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல், பயணம், மருந்து எடுத்துக்கொள்ளல், பணத்தைக் கையாளுதல் என எட்டு வேலைகள். பெண்களுக்கு எட்டுக்கு மதிப்பெண். ஆண்களுக்கு ஐந்துக்கு. சமையலும் வீட்டுப் பராமரிப்பும் துணி துவைத்தலும் ஆண்களுக்கு விடப்பட்டன. அன்றைய ஆண்கள் அவற்றைச் செய்து பழகியவர்கள் இல்லை, ஆகவே செய்ய முடியாமற்போவது நோயின் அடையாளம் ஆகாது என்பது காரணம்.

இதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு கொஞ்சம் மரியாதையும் வந்தது என்று சொல்ல வேண்டும். சமையலும் துவைப்பதும் அந்தத் தாளில் வேலைகளாக, தனித்தனி வரிகளாக இருந்தன. யார் செய்கிறார்கள் என்பதையும் அது மறைக்கவில்லை. எலைன் பிராடி சமூகப்பணியாளர். முதிய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் சிக்கிப் பராமரிப்பு வேலை செய்யும் பெண்களைப் பற்றிப் பின்னாளில் நிறைய எழுதியவர். அவருக்கு வீட்டுவேலை என்றால் என்னவென்று தெரியும். இதற்குப் பிறகு வந்த தாள்களில் ஆண் பெண் வேறுபாடு போயிற்று, அதோடு அந்த வரிகளும் போயின.

லண்டனில் 1970களில் ரேச்சல் ராஸர் என்ற மனநல மருத்துவர் ஒரு கட்டம் வரைந்தார். ஒரு பக்கம் எட்டு அளவு இயலாமை, மறுபக்கம் நான்கு அளவு துயரம். ஒவ்வொரு நிலையும் எவ்வளவு மோசம் என்று நோயாளிகள், செவிலியர், மருத்துவர், நலமாக இருப்பவர் என 70 பேரைக் கேட்டு, பால் கைண்டுடன் சேர்ந்து 1978இல் எண்களை வெளியிட்டார். அந்தக் கட்டத்தின் நடுப்படிகளில் நம் ஆள் வருகிறாள். ஆண்களுக்கு வேலையில் எவ்வளவு முடியாமற்போயிற்று என்பது அளவு. இல்லத்தரசிகளையும் முதியவர்களையும் ஒரே வரியில் சேர்த்து, இலேசான வீட்டுவேலை மட்டும் முடியும், கடைக்குப் போய்வர முடியும் என்று ஒரு படி. இல்லத்தரசி சில எளிய வேலைகளை மட்டுமே செய்ய முடியும் என்பது அடுத்த படி. எழுபது பேர் போட்ட இந்த எண்களைத்தான் 1985இல் ஆலன் வில்லியம்ஸ் என்ற பொருளாதார அறிஞர் எடுத்துக்கொண்டு, இதய பைபாஸ் அறுவைக்குச் செலவிடும் பணம் எத்தனை நல்ல ஆண்டுகளைத் தருகிறது என்று கணக்குப் போட்டார். வாழ்க்கைத்தரத்தால் பெருக்கிய ஆயுள் என்ற அந்தக் கணக்கு இன்று நாடுகள் மருந்துக்குப் பணம் ஒதுக்குவதைத் தீர்மானிக்கிறது. இந்தியாவுக்கும் அதே வழிக் கணக்கில் சொந்த எண்கள் 2022இல் வந்துவிட்டன. அந்த வகைக் கணக்கில் மிக மோசமான நிலைகளுக்குப் பூச்சியத்துக்கும் கீழே மதிப்பு. சாவைவிட மோசம் என்று பொருள்.

இனி இதயத்துக்கென்றே பிறந்த தாள்கள். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1980களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதயச் செயலிழப்புக்கு மருந்து கொடுத்து ஆயுளை நீட்ட முடியும் என்று முதன்முதலாகக் காட்டியது. முடிவு 1986இல் வெளியானது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 642 பேர். 642 பேரும் ஆண்கள். அந்த ஆய்வை நடத்திய ஜே கோன் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதே பல்கலைக்கழகத்தில், அதே காலத்தில், தாமஸ் ரெக்டர் இதயச் செயலிழப்போடு வாழ்வது பற்றிய கேள்வித்தாளை எழுதினார். ஆயுள் நீண்டதா என்று மட்டும் பார்க்காமல், நீண்ட ஆயுள் எப்படிப் போகிறது என்று நோயாளியிடமே கேட்பது. நல்ல எண்ணம்தான். 

மினசோட்டா தாளில் 21 கேள்விகள். உங்கள் இதயநோய் நீங்கள் விரும்பியபடி வாழவிடாமல் தடுத்ததா என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான தலைப்பு. கால் வீங்கியதா, பகலில் படுக்கவேண்டி வந்ததா, படி ஏறுவது கடினமா, செலவு வைத்ததா, குடும்பத்துக்குப் பாரம் என்று நினைக்கவைத்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 105. எண் கூடினால் வாழ்வு மோசம். தாளின் தலையில் ஒரு சின்னக் குறிப்பு: கேள்வி உங்களுக்குப் பொருந்தாவிட்டால் 0 போடுங்கள்.

அந்தக் குறிப்பை எத்தனை முறை வாசித்திருப்பேன்! பிழைப்புக்காக வேலை செய்வது கடினமானதா? "நான் எங்க வேலைக்குப் போறேன், வீட்லதான கெடக்கறேன்." பொருந்தாது, 0. பொழுதுபோக்கு, விளையாட்டு? சிரிப்பார்கள். பொருந்தாது, 0. பாலுறவு? இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அறுபது வயது தாண்டிய பெண்களிடமும், தாலி இல்லாத பெண்களிடமும் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களும் கேட்கவில்லை. ஆண்களிடம் ஆண் பணியாளர் கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள். பெண்களின் தாளில் நாங்களே 0 போட்டோம். மூன்று கேள்வி, பதினைந்து மதிப்பெண். இந்தத் தாளில் ஐந்து புள்ளி மாறினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு பெண்ணிடம் கேட்காமல் விட்டதாலும், அவள் வேலையை வேலை என்று அவளே எண்ணாததாலும், அதைப்போல மூன்று மடங்கு நலம் தாளில் கூடிவிடும். பொருந்தாது என்பதும் பிரச்சினை இல்லை என்பதும் ஒரே பூச்சியம்.

பெரியம்மா "வேலைக்குப் போறதில்ல" என்று சொன்ன அந்த வாரத்தில் அவர் செய்தவற்றை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு மாடு. ஒரு கன்று. ஐந்து பேருக்குச் சமையல். மல்லாட்டை உடைத்துக் கொடுக்கும் கூலி வேலை, வாசலில் உட்கார்ந்தபடி. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்கள் எல்லாவற்றுக்கும் டி.எம்.வி. என்று ஊரின் முதலெழுத்துகள் முன்னால் நிற்கும். உடைத்த கைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. பெரியம்மா அந்த 299ஐ முப்பது பம்பிங்கோடு செய்தார். இரண்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து.

அடுத்து வந்தது கான்சாஸ் சிட்டி தாள். ஜான் ஸ்பெர்ட்டஸும் குழுவினரும் 2000இல் வெளியிட்டது. 23 கேள்விகள், 0 முதல் 100 வரை. இதில் எண் கூடினால் நலம். தலையணைக் கேள்வி இதில்தான் வருகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் இதை மருந்து ஆய்வுகளுக்குத் தகுதியான அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. அதாவது ஒரு மருந்து ஆயுளைக் கூட்டாவிட்டாலும், நோயாளி தன் வாயால் சொல்லும் நலத்தைக் கூட்டினால் அதுவும் கணக்கில் சேரும். நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு எடை கிடைக்க தொண்ணூறு ஆண்டு ஆயிற்று. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மினசோட்டா செய்த பூச்சியத் தவறை இந்தத் தாள் செய்யவில்லை. 'வேறு காரணத்தால் முடியவில்லை, அல்லது அந்த வேலையைச் செய்யவில்லை' என்று தனிக் கட்டம் வைத்தது. அதைக் குறித்தால் அந்தக் கேள்வி கணக்கிலிருந்தே விலகிவிடும். மீதிக் கேள்விகளின் சராசரி நிற்கும். நியாயம்போலத்தான் தெரிகிறது. ஆனால் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்த பெண்களுக்கு அந்தக் கட்டம் ஒரு கிணறு. மாடிப்படி ஏறுவீர்களா? வீட்டில் மாடி இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல விரைந்து போவீர்களா? "பொம்பள எங்க ஓடுறது." நண்பர், உறவினர் வீட்டுக்குப் போவதை இதயநோய் தடுக்கிறதா? "அனுப்புனாத்தான போறதுக்கு." ஒவ்வொன்றாக அந்தக் கட்டத்துக்குள் விழும். நோய் எங்கே முடிகிறது, 'வேறு காரணம்' எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும்படி தாள் அவர்களைக் கேட்கிறது. அவர்கள் வாழ்வில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

வீட்டுவேலைக்கு இந்தத் தாளின் உடலுழைப்புப் பகுதியில் ஒரு கேள்வி ஒதுக்கியிருக்கிறார்கள். தோட்டவேலை, வீட்டுவேலை, கடைச் சாமான் தூக்குவது எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றில் அடக்கம். 1969இல் மூன்று வரியாக இருந்தது பாதி வரியாகிவிட்டது. 2015இல் நேரத்தை மிச்சப்படுத்தப் பன்னிரண்டு கேள்விக் குறும்பதிப்பு வந்தபோது அந்த வரியும் நீங்கியது. குளிப்பதும், சமதளத்தில் சிறிது தூரம் நடப்பதும், விரைந்து போவதும் தங்கின. நெருங்கிய உறவு பற்றிய கேள்வியும் நீங்கியது. வேலையோ வீட்டுவேலையோ செய்வது பற்றிச் சமூக வாழ்வுப் பகுதியில் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. இதோடு ஒப்பிட்டால், 1992இல் வந்து எல்லா நோய்க்கும் பயன்படும் 36 கேள்வித் தாள் வேடிக்கை. மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது என்று மிதமான உழைப்புக்கு உதாரணம் சொல்லும். மொழிபெயர்க்கிறவர்கள் கோல்ஃபை எடுத்துவிட்டு ஊருக்கேற்ப வேறு எதையாவது வைப்பார்கள். வைப்பது என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் இப்படி என்று நெடுநாள் யோசித்தேன். எழுதியவர்களின் அலட்சியம் என்று முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மை இல்லை. நோய்க்கென்று எழுதும் தாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் கேட்டால் எண் நகர வேண்டும். மாத்திரையால் நகராத கேள்வி, ஆய்வாளருக்கு இரைச்சல். தாளைச் செதுக்கச் செதுக்க அப்படிப்பட்ட கேள்விகள் உதிரும். பெரியம்மாவின் வாழ்வில் மாத்திரையால் நகராதவைதான் அதிகம்.

நீர் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றக் கொடுப்பது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அடக்க முடியாமல் சிறுநீர் வரும், அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி. காலையில் போடச் சொல்வார்கள். பெரியம்மா புதுச்சேரிக்கு மருந்து வாங்கப் போகும் நாள் காலையில் அதைப் போடமாட்டார். பஸ்ஸில் எங்கே இறங்குவது? மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வயலுக்குப் போனாலும் போடமாட்டார். ஆண்கள் வரப்பில் நின்றுவிடுவார்கள். கல்யாணம், சாவு, திருவிழா, எதற்குப் போனாலும் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். கால் வீங்கும். அடுத்த முறை மருத்துவர் வீக்கத்தைப் பார்த்து அளவைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையை இன்னும் அதிக நாள் போடாமல் இருப்பார். இதை நான் கேட்ட பெண்களில் பலரும் சொன்னார்கள், கேள்வித்தாளை மூடி வைத்த பிறகு. மருந்தின் பக்கவிளைவு தொந்தரவு கொடுத்ததா என்று மினசோட்டா தாளில் ஒரு கேள்வி இருக்கிறதே என்பீர்கள். "மாத்திர நல்ல மாத்திரதான்" என்பார்கள். குறை மாத்திரையில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வேறு விதமாகவும் கேட்டிருக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வாழ்க்கைத்தரத்துக்கு ஒரு கேள்வித்தொகுதியை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு மொழிபெயர்க்க வேண்டாம், பல நாடுகளில் ஒரே நேரத்தில் எழுதலாம் என்று முடிவெடுத்தது. உலகெங்கும் பதினைந்து மையங்கள். டெல்லி ஒன்று. மெட்ராஸ் ஒன்று. நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டு, அந்தப் பேச்சிலிருந்து கேள்விகள் எடுத்தார்கள். முதலில் சோதித்த கேள்விகள் 236. அவற்றிலிருந்து நூறு கேள்வித் தாள், பிறகு 26 கேள்விக் குறும்பதிப்பு. கையில் தேவைக்குப் பணம் இருக்கிறதா, போய்வர வசதி இருக்கிறதா, இருக்கும் வீடு எப்படி, பாதுகாப்பாக உணர்கிறீர்களா, ஓய்வு கிடைக்கிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. ஆக, தமிழில் யோசித்து எழுதிய கேள்விகளுக்கு முப்பது ஆண்டு வயது ஆகிறது. இதய மருந்து ஆய்வுகளில் முன்னே நிற்பது அது இல்லை. பஸ் வசதியும் வீடும் மாத்திரையால் நகராதவை ஆயிற்றே.

கேள்வித்தாளே இல்லாத காலத்தில் ஒரு பெண் மருத்துவர் வேறு மாதிரி பார்த்ததையும் இங்கே சொல்ல வேண்டும். எஸ். பத்மாவதி, 1917இல் பர்மாவில் பிறந்தவர்; இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர். போரில் பர்மாவிலிருந்து தப்பி வந்த குடும்பம். டெல்லியில் நுரையீரல் கெட்டு அதனால் இதயம் செயலிழந்த 127 பேரைப் பற்றி அவரும் பதக்கும் 1959இல் எழுதிய கட்டுரை அமெரிக்க இதழ் ஒன்றில் வந்தது. மேலை நாடுகளில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டெல்லியில் புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் வந்தது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகையைக் காரணமாக அவர்கள் சுட்டினார்கள். பெண்ணின் நாளை, அவள் எங்கே உட்கார்ந்து என்ன மூச்சு விடுகிறாள் என்பதைப் பார்த்தால்தான் அவள் இதயம் புரியும் என்பதற்கு அறுபது ஆண்டுக்கு முந்தைய சான்று அது. பத்மாவதி 2020இல், 103 வயதில், கொரோனாவில் இறந்தார்.

இவ்வளவு ஓட்டை உள்ள தாள்களும் ஒரு உண்மையைப் பிடித்துவிட்டன என்பதுதான் எனக்கு வியப்பு. இரண்டு பெரிய மருந்து ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்கள் 12,058, பெண்கள் 3,357. பெண்கள் எண்ணிக்கையையே பாருங்கள். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கான்சாஸ் சிட்டி தாளில் அவர்கள் எண் ஆண்களைவிடக் குறைவு. அதிகம் வாழ்கிறார்கள், மோசமாக வாழ்கிறார்கள். 2021இல் நாற்பது நாடுகளில் 23,000 நோயாளிகளிடம் குறும்பதிப்பைக் கேட்டு வந்த இன்னொரு ஆய்வில் மேற்கு ஐரோப்பாவின் சராசரி 62.5, ஆப்பிரிக்காவின் சராசரி 39.5. எண் குறைந்தவர்கள் இறப்பதும் அதிகம். ஸ்கேனும் எக்கோவும் சொல்லாததை நோயாளியின் வாய் சொல்கிறது. ஆகவே தாளைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. ஓட்டைகளில் விழுந்ததையும் சேர்த்திருந்தால் அந்தப் பெண்களின் எண் இன்னும் எவ்வளவு கீழே போயிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

மூன்று ஆண்டுகளில் நான் கேட்ட பெண்களில் பெரும்பாலோர் ஒரே கேள்விக்குத்தான் தயங்காமல் ஐந்து போடச் சொன்னார்கள். குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்று உணர்கிறீர்களா என்ற கேள்வி. வேலை செய்வதில்லை என்று சற்று முன்னால் சொன்னவர்கள், வேலை செய்ய முடியாமற்போனதால் பாரம் என்று இங்கே சொல்வார்கள். ஒரு அம்மா மட்டும், செய்யாறு பக்கம், ஐந்து வேண்டாம் என்றார். "நாப்பது வருசம் நான் அவங்கள சொமந்தேன். ரெண்டு வருசம் அவங்க சொமக்கட்டும்." நான் பூச்சியம் போட்டேன். அந்த ஆய்வில் நான் மகிழ்ச்சியோடு போட்ட ஒரே பூச்சியம் அது.

விதிப்படி ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. இவை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் தாள்கள். மாற்றினால் மற்ற நாட்டு எண்களோடு ஒப்பிட முடியாது. ஆகவே நான் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். ஓரத்தில் எழுதுவது கணினியில் ஏறாது என்று மேற்பார்வையாளர் சொன்னார். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தாள் முடிந்ததும் நானாகச் சில கேள்விகள் கேட்டேன். நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? எந்த வேலைக்கு நடுவில் உட்கார்ந்தீர்கள்? நீங்கள் உட்கார்ந்ததும் அதை யார் செய்தார்கள்? நீர் மாத்திரை போடாத நாள் எது? நோட்டு நிறைய இன்னும் இடமிருக்கிறது. வேலை முடிந்துவிட்டது.

பெரியம்மாவிடம் இரண்டாம் முறை கேட்டது வேலையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழித்து, பொங்கலுக்கு ஊர் போனபோது. அப்போது நான் தலையணைக் கேள்வியை வாசிக்கவில்லை.

"பெரிம்மா, ராத்திரியில எங்க படுக்கற?"

"எங்க படுக்கறது. குந்திக்கினுதான்."

"எதுல சாஞ்சிக்கிற?"

"அறுப்பு முடிஞ்சா மூட்ட இருக்கும். மூட்டய வித்துட்டா செவுரு."

மூட்டை எப்போது விற்பார்கள் என்று கேட்டேன். தை கடைசியில் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் திண்டிவனம் போய் இலவம்பஞ்சுத் தலையணை மூன்று வாங்கிவந்து வைத்தேன். அடுத்த முறை போனபோது ஒன்று பெரியப்பா தலைக்கு அடியில் இரண்டாவதாக இருந்தது. இன்னொன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தது. ஒன்றைப் பெரியம்மா உறையோடு பெட்டிமேல் வைத்திருந்தார், யாராவது வந்தால் கொடுக்க.

மூட்டைகள் விற்றாயிற்று. சுவரில் அவர் முதுகு பட்ட இடத்தில் சுண்ணாம்பு போயிருந்தது.